ஆழ்வார் கேட்டால் சரி

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் திருமழிசை என்றால் சிட்கோ தொழிற்பேட்டையும் லாரிகளும்தான். எங்களுக்கு அது ஆழ்வார் ஊர். பன்னிரண்டு ஆழ்வார்களில், மற்ற மதங்களுக்குள் எல்லாம் புகுந்து பார்த்துவிட்டு வந்தவர் எங்கள் ஆழ்வார் என்பதில் ஊருக்குத் தனிப் பெருமை. சமணம் பார்த்தார், பௌத்தம் பார்த்தார், சைவராக இருந்தார், கடைசியில் பேயாழ்வாரிடம் வாதாடித் தோற்றுத் திருமாலிடம் வந்துசேர்ந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அந்த வாதம் தொடங்கிய விதம்தான் அழகு. பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வழியே போன திருமழிசையார் நின்று, இது என்ன கிறுக்குத்தனம் என்று சிரிக்கிறார். இந்த ஆள் கேட்காமல் போகமாட்டான் என்று தெரிந்தே கிழவர் போட்ட நாடகம் அது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நைனா. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் கேட்டேன்: "ஆழ்வார் மாதிரி நானும் எல்லா மதத்தையும் பார்த்துட்டு வரட்டுமா நைனா?"

"அவரு ஆழ்வாருடா."

"பாக்கும்போது அவரு ஆழ்வார் ஆகலையே?"

பதில் வரவில்லை. நாமம் போட்ட பித்தளைச் சொம்பு கைக்கு வந்தது. தெருவில் கோவிந்தா போட்டு அரிசி வாங்கி வரக் கிளம்பினேன்.

நைனா பக்கத்திலும் நியாயம் உண்டு. பெரியவர் ஒருவர் நமக்காக அலைந்து திரிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கும்போது, ஆளாளுக்கு மறுபடி எதற்கு அலைய வேண்டும்? மேலோட்டமாகக் கேட்டால் மறுக்க முடியாத வாதம். ஆனால் நான் சோறு தின்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலையின் தரப்பரிசோதனை அறையில். அங்கே உலையில் நேற்று உருக்கிய ஹீட் தேறிவிட்டது என்பதற்காக இன்றைய ஹீட்டை யாரும் விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி எடுத்து, தேய்த்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தாக வேண்டும். 500டி கம்பி என்றால் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலாளியே வந்து நின்றாலும் தாண்டியதுதான்.

அதே ஆலையில்தான் உலைக்குப் புது லைனிங் போட்டதும் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். செப்டம்பர் 17 அன்று பீகார், ஒடிசாப் பையன்கள் விஸ்வகர்மா பூஜை போடுகிறார்கள். பிறகு நவராத்திரியில் நாங்கள் ஆயுத பூஜை போடுகிறோம். உலையைக் காப்பது எந்தப் பூஜை என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் லட்டு எங்களுக்கு, எங்கள் பொரி அவர்களுக்கு. தனக்கு நம்பிக்கை இல்லை என்று டீக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆரத்தித் தட்டு வரும்போது கையை நீட்டாமல் நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயது ஏற ஏற ஆழ்வார் கதையில் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அவர் தேடினார் என்பதற்காகவா கொண்டாடுகிறோம், நம் வாசலில் வந்து முடித்தார் என்பதற்காகவா? புத்தரிடமே தங்கியிருந்தால் தை மகத்தன்று யார் அவருக்கு உற்சவம் எடுத்திருப்பார்கள்? நான்முகன் திருவந்தாதியில் 96 பாட்டு. அதில் ஒன்றில் சமணர், பௌத்தர், சைவர் மூவரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்க்கிறார். ஒத்தாண்டீஸ்வரர் கோவிலும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டு வரும்போது மட்டும் நைனா வேகமாக அடுத்ததற்குப் போய்விடுவார். அத்தனை இடத்தில் இருந்து பார்த்த மனிதருக்கு அங்கிருந்தவர்கள் மேல் கொஞ்சம் பரிவு மிஞ்சியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மணிமேகலை இதற்கு நேர் எதிர். வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், பூதவாதி என்று ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறாள். இளம்பெண் என்றால் எவரும் விஷயத்தைச் சொல்லமாட்டார்கள் என்பதால் வேற்றுருவம் எடுத்துப் போகிறாள். கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்கிற பூதவாதியிடம், உன் அப்பா அம்மாவையே அனுமானத்தால்தானே அறிந்தாய் என்று மடக்குகிறாள். கேட்டு முடித்துப் பௌத்தத்தில் சேர்கிறாள். சாத்தனார் பௌத்தக் காப்பியம் எழுதியவர், வேறு எங்கே போய் முடிப்பாள்? எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கும் இதே கதைதான். மிஷன் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் இந்து மதத்தை விமர்சித்தது உறுத்தி, 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். வேதாந்தத்துக்கு வந்தார் என்பதால் அவர் பட்டபாடு நமக்கு இனிக்கிறது.

ஆனாலும் ஆழ்வாரை விட எனக்கு மனமில்லை. கும்பகோணத்துக் கதை ஒன்று போதும். நடந்த களைப்பா, என்ன அலுப்பு, ஏன் படுத்திருக்கிறாய், எழுந்து பேசு என்று சாரங்கபாணியைக் கேட்கிறார். பெருமாள் எழுந்திருக்கத் தலையைத் தூக்குகிறார். இன்றும் அங்கே அவர் பாதி எழுந்த கோலத்தில்தான் இருக்கிறார் என்கிறார்கள். ஒரு மனிதன் கேட்ட கேள்விக்குக் கடவுளே எழுந்திருக்கிறார். எங்கள் வீட்டில் நைனா நாற்காலியை விட்டு அசைந்ததில்லை.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். போன புரட்டாசியில், சனிக்கிழமை விரதம் வேண்டாம், நம்பிக்கை வரவில்லை என்று நேராகத் தாத்தாவிடமே போய்ச் சொன்னாள். சொம்பு வரும் என்று காத்திருந்தேன்.

"பெருமாள் இல்லன்றியா, இல்ல நான் சொல்றது புடிக்கலையா?"

"ரெண்டுமே தெரியல தாத்தா. பாக்கணும்."

"பாரு. ஆனா திரும்பி வந்துடணும்."

நான் குறுக்கே விழுந்தேன். "வரலன்னா?"

நைனா என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "வரலன்னா, வரலன்னு வந்து சொல்லணும். சொல்லாம இருந்துடக் கூடாது."

"அப்ப விரதம்?"

"அது வேற. இந்த மாசம் இந்த வீட்ல கறி வேகாது. அது பெருமாளுக்காக இல்ல, எனக்காக."

அதற்கு ஒப்புக்கொண்டாள். நெற்றிக்குத்தான் மசியவில்லை. முழு நாமம் வேண்டாம், நடுவில் ஸ்ரீசூர்ணம் மட்டுமாவது வை என்று தாத்தா இந்த வருஷமும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.