கற்றுத் திரும்பியவர் மீண்டும் கற்பது இழிவா?

கடல் கடந்து படித்துப் பட்டத்துடன் திரும்பும் மகன் கடையில் வந்து உட்காரத் தயங்குகிறான். "இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்து என்ன பயன்?" என்று தந்தையார் மனம் நோகிறார். குற்றம் யாருடையது?

காந்தியடிகளின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். லண்டனில் பாரிஸ்டராகி 1891-ல் தாயகம் திரும்பிய அவருக்கு இந்தியச் சட்டம் தெரியாது. பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றவர், நா எழாமல் அமர்ந்துவிட்டார். அத்தகையவருக்கு 1893-ல் வேலை தந்து தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது, தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனம். சேட் அவர்களுக்கு ஏட்டுப் படிப்புக் குறைவு, அனுபவமோ நிறைவு.

அங்கிருந்த வழக்கு முழுவதும் கணக்கைப் பற்றியது. பாரிஸ்டருக்கோ பற்று வரவே விளங்கவில்லை. பிராமிசரி நோட்டைக் குறிக்கும் சொற்சுருக்கத்தைக்கூட ஒரு குமாஸ்தாவிடம் கேட்டே அறிந்தார். பின்னர்க் கணக்குப் புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கிப் படித்தார். அதன் பிறகே வழக்கு அவர் கைக்குள் வந்தது.

ஆகவே, மைந்தர்களே! கடைச் சிப்பந்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதால் பட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. தந்தைமார்களே! முதல் தடுமாற்றத்தைக் கண்டு மகனை எடைபோட்டுவிடாதீர்கள். பேரேட்டை அவன் கையில் கொடுங்கள். அதைப் படிக்க அவகாசமும் கொடுங்கள். சரக்குக்குத் தவணை தரும் நாம், பெற்ற பிள்ளைக்குத் தர மறுப்பது நியாயமாகுமா?