கேட்கும் கை யாருடையது?

ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங்கிற்கும் லாபிஸிற்கும் இடையே, செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் சாஆ. இத்தகைய ஊர்களில் பள்ளிக்கு நிதி தேவையென்றதும், மாணவர் கையில் நன்கொடை அட்டை ஏறிவிடுகிறது. காலையில் மாணவர் தட்டிய அதே கதவை, மாலையில் இளைஞர் மன்றத்தார் விருந்துச் சீட்டுகளுடன் தட்டுகின்றனர். விருந்துச் செலவு போக மிஞ்சுவது சிறுதொகை. விற்காத சீட்டுக்குத் தம் சம்பளத்திலிருந்தே பணம் கட்டும் இளைஞரும் உளர்.

கேட்பது இழிவு என்று ஒதுங்கிவிட முடியுமா? தோட்ட நிலத்தில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பல, இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளே. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கிறது. கட்டடச் சுமையோ பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் மீதும் பெற்றோர் மீதும் விழுகிறது. ஆகவே கேட்டே ஆக வேண்டும். யார் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பதே அறவினா.

இரவு, இரவச்சம் என்னும் இரு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். கேட்க நேரும் தேவையையும், கேட்க அஞ்சும் மானத்தையும் ஒருங்கே எண்ணிய உள்ளம் அது. நாமோ அந்த அச்சத்தைப் பத்து வயதுச் சிறுமியின் தலையில் ஏற்றுகிறோம். நிறைந்த அட்டைக்கு மேடையில் கைதட்டல். வெற்றட்டைக்கு வகுப்பில் தலைகுனிவு. தந்தையின் வறுமை பிள்ளையின் குற்றமாகிவிடுகிறது. அண்டை வீட்டார் தருவதும் ஈகையன்று. பிஞ்சு முகத்தை மறுக்க இயலாமையே அது.

வேறு வழியும் நம் வரலாற்றில் உண்டு. 1950களில் கோ. சாரங்கபாணி, தமிழ் முரசின் வாயிலாக, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி நிலைபெற 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். ஆங்கே கேட்டவர்கள் பெரியவர்கள். கேட்ட தொகையோ, தொழிலாளியும் வணிகரும் ஒரே வரிசையில் நின்று தரத்தக்கது. குறைவாகத் தந்தோம் என்று எவரும் நாணவேண்டியதில்லை.

நாமும் அவ்வாறு செய்யலாகாதா? முதலில் தட்டவேண்டியது அரசின் கதவு. அடுத்தது தோட்ட உரிமையாளரின் கதவு. அதன் பின்னரே தொழிலாளியின் வீடு. அங்கும் பெரியவர்களே செல்லட்டும், சிறுதொகை கேட்கட்டும், செலவுக் கணக்கை ஊரறியப் படிக்கட்டும். பள்ளியைக் காப்பது பெரியவர் கடன். படிப்பது ஒன்றே பிள்ளையின் கடன்.