பழைய வண்டியும் பிறர் மூச்சும்

பழையதைச் செப்பனிட்டுக் காப்பதே முறை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை இன்றும் வீட்டு வாயிலிலேயே பழுதுபார்ப்போர் உளர். அதன் பின்புறப் பாரத்தைத் தாங்குவன எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய விற்கள். பட்டை முறிந்தால் வண்டி ஒருபுறம் சாயும். ரப்பர் புஷ் தேய்ந்தால் பள்ளந்தோறும் ஓசை எழும். ஜாக்கியை மட்டும் நம்பாது உறுதியான முட்டுக் கொடுத்து, ‘யு’ போல்ட்டுகளைக் கழற்றிப் புதுப் பட்டையைப் பூட்டினால், கை கறுத்தாலும் மனம் நிறையும்.

ஆயின், தில்லிவாழ் நம்மவர்க்கு வேறொரு வினா எழுந்தது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்சநீதிமன்றம் நிலைநிறுத்தியது. பேணியவனையும் பேணாதவனையும் ஒரே தட்டில் நிறுப்பது நீதியாகுமா? ஆகாதென்றே முதலில் தோன்றுகிறது.

எனினும், வில்லைத் திருத்தினால் குலுக்கல் தணிவது உள்ளே அமர்ந்திருக்கும் நமக்கு. புகை போவதோ தெருவிலுள்ளோர்க்கு. கார்புரேட்டர் காலத்து எஞ்சினை எத்துணை நுட்பமாகச் செப்பனிட்டாலும் பிற்காலத்து எஞ்சினின் தூய்மை அதற்கு வாராது. நம் ஸ்பானர் எட்டாத இடம் அது. நாம் மிச்சம்பிடித்த பணத்துக்கு ஈடாகப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமுமாயின், அதனைச் சிக்கனம் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

அவ்விதியில் நமக்குள்ள குறை ஒன்றே. வெள்ளிதோறும் கோயில்வரை சென்று திரும்பும் வண்டியையும், நாள் முழுதும் வாடகைக்கு ஓடும் வண்டியையும், ஓடிய தூரங்கண்டு வேறு பிரித்திருக்கலாம்.