தப்பு என்றால் எங்கே?

2-ஐ 67 தடவை எழுதிப் பெருக்குங்கள். அதில் 1-ஐக் கழியுங்கள். 147573952589676412927 வரும்.

இது பகா எண், 1-ஐயும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது என்று 1644-ல் எழுதினார் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி! 232 வருஷம் ஓடிப்போனது. 1876-ல் லூக்காஸ் என்பவர், 'இது வகுபடும்' என்று நிரூபித்தார். எதனால் வகுபடும்? அது அவருக்கே தெரியாது!

1903. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். ஃபிராங்க் கோல் எழுந்துபோய், கரும்பலகையில் அந்த எண்ணை எழுதினாராம். பக்கத்திலேயே 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினாராம். அதே விடை! ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அரங்கமே கைதட்டியது என்பார்கள். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குச் செலவழித்தாராம்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் செய்துவிடும். அதனால் அவர் உழைப்பு வீணா? இல்லை சார்.

'நீ சொல்றது தப்பு' என்று வீட்டில், ஆபீஸில், டீக்கடையில் தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! கோல் தன்னை நம்பச் சொல்லவில்லை. பெருக்கத் தெரிந்த பள்ளிக்கூடப் பையன்கூட சரிபார்க்கலாம்.

தப்பென்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. எதிராளி தானே சரிபார்க்கும்படி கணக்கை அவர் கையில் கொடுக்கும் கடமையும் உண்டு. அதற்கு நம்மிடம் ஞாயிற்றுக்கிழமை இல்லையா? குரலையாவது கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாமே!