கடைசி மூன்று கிலோ

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தால் முதலில் வருகிற கேள்வி, "என்ன இப்படி எளச்சுப் போயிட்ட?" அது பாராட்டு இல்லை, விசாரிப்பு. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, உடம்புக்கு முடியலையா, கடன்கிடன் ஆயிடுச்சா என்பதையெல்லாம் நேரடியாகக் கேட்காமல் கேட்கிற வழி. பெங்களூரில் என் அலுவலகத்தில் அதே சேதியைச் சொன்னால் அடுத்த வாக்கியம் "ட்ரீட் எப்போ?" நான் வெள்ளிக்கிழமை இரவு தருமபுரிக்கு பஸ் ஏறி, திங்கள் காலையில் திரும்புகிறவள். ஒரே உடம்புக்காக வாரத்தில் ஐந்து நாள் வாழ்த்தும் இரண்டு நாள் அனுதாபமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் எடை 74 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது; பெரியப்பாவுக்குக் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். அதனால் டாக்டர் "இப்பவே கொறைச்சிடும்மா" என்றபோது உண்மையிலேயே பயந்துதான் ஆரம்பித்தேன். டீயில் சர்க்கரையை விட்டேன், சோற்றைக் குறைத்தேன். வார நாட்களில் ஜிம், சனி ஞாயிறில் ராமாக்காள் ஏரிக்கரையில் நடை. பதினோரு மாதத்தில் 62 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை 94. டாக்டருக்கு சந்தோஷம், எனக்கும்தான்.

ஆனால் என் இலக்கு 59. அந்த மூன்று கிலோ ஏழு மாதமாக நகரவில்லை. ஒரு வாரம் 61.7 காட்டும், அடுத்த வாரம் 62.6. இந்தக் கட்டுரை அந்த மூன்று கிலோவைப் பற்றியது. அதைவிட, அந்த மூன்று கிலோவுக்காக நான் எந்த மாதிரி ஆளாக மாறினேன் என்பதைப் பற்றியது.

*

59 என்ற எண் எங்கிருந்து வந்தது? எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு அது. 1830களில் அடால்ஃப் கெட்டலே என்ற பெல்ஜிய வானியலாளர் கண்டுபிடித்தது. நட்சத்திரங்களை அளந்த கையோடு மனிதர்களையும் அளந்து 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் அந்தக் கணக்குக்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். உலகத்துக்கு 25 வரை சரி. நமக்கு 23க்கு மேல் போனாலே அதிக எடை. என் உயரத்துக்கு 23 என்றால் 58.9 கிலோ. அதுதான் என் 59. யாரோ போட்ட ஒரு கோட்டை நான் என் சுயமரியாதையின் எல்லையாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் செய்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். நிலக்கடலையைத் தராசில் வைத்து 20 கிராம் எண்ணினேன். காலையில் பாத்ரூம் போவதற்கு முன் ஒரு தடவை, போய்வந்து ஒரு தடவை எடை பார்த்தேன். சித்தி மகளின் வளைகாப்பில் ஐந்து வகைச் சாதத்தையும் ஆளுக்கொரு ஸ்பூன் வாங்கி, அதையும் பாதி வைத்துவிட்டு எழுந்தேன். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு பிரியாணி செய்யும் வீடியோக்களாகப் பார்த்தேன். நான் செய்யப்போவதில்லை, சாப்பிடப்போவதும் இல்லை. சும்மா பார்ப்பேன்.

இந்த வீடியோ விஷயம் எனக்கு மட்டும் வந்த கிறுக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதே ஆன்செல் கீஸ் 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி, ஒரு நாளைக்கு சுமார் 1,600 கலோரி. எடையில் கால்வாசி போனது. அதோடு வேறொன்றும் நடந்தது. அவர்கள் சமையல் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு. மற்ற எதிலும் ஆர்வம் போயிற்று. உடம்பு தன் வேலைகளைச் சுருக்கிக்கொண்டது. இதயம்கூட மெதுவாகத் துடித்தது.

என் உணவுப் பட்டியலில் இருந்தது 1,400 கலோரி. அவர்கள் வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்த ஆண்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண். அதனால் இரண்டும் ஒன்றில்லை. ஆனால் திசை ஒன்றுதான். எடை குறையும்போது கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மூளை அதை 'பஞ்சம்' என்று வாசிக்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது கால் ஆட்டுவதைக்கூட நம்மை அறியாமல் குறைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. போன எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடல் இன்னமும் நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

அதாவது முதல் பன்னிரண்டு கிலோவுக்கும் கடைசி மூன்று கிலோவுக்கும் ஒரே உழைப்பு, ஒரே விலை கிடையாது. முன்னது அசந்திருந்த உடம்போடு நடந்த பேரம். பின்னது முழித்துக்கொண்ட உடம்போடு.

*

இதெல்லாம் தெரிந்தபின்னும் எனக்கு ஆறுதல் வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். எடையைவிட ஆழமான ஒரு நம்பிக்கை அடிபட்டிருந்தது. 'உழைச்சா கெடைக்கும்.' எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து படித்து வெளியே போன எவரையும் கேளுங்கள், அதையேதான் சொல்வார்கள். அந்த நம்பிக்கைதான் எங்களை பஸ் ஏற்றியது.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது. உழைத்தால் கிடைக்கும் என்றால், கிடைக்காதவர் உழைக்காதவர். எடை குறைந்த அந்தப் பதினோரு மாதமும் நான் இதை ரகசியமாக நம்பினேன். அலுவலக கேன்டீனில் பருமனான ஒரு சக ஊழியர் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது எனக்குள் ஒரு சின்ன ஏளனம் எழும். முகத்தில் காட்டியதில்லை. ஆனால் இருந்தது. என் முள் நின்ற பிறகு அதே ஏளனம் திரும்பி என்னைப் பார்த்தது. அவரிடம் இல்லாத ஒழுக்கம் என்னிடம் இருக்கிறது என்று நினைத்தவள், இப்போது எந்த ஒழுக்கம் என்னிடம் குறைகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பென்னாகரம் பக்கத்தில் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கன்வாடி என்பது அரசாங்கப் பெயர். ஊரில் இன்றைக்கும் பால்வாடிதான். மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு எடை போடும் நாள். கூரையிலிருந்து தொங்கும் தராசு, அதில் துணித்தொட்டில் மாதிரி ஒரு பை. லீவு நாளாக இருந்தால் நான்தான் பதிவேட்டில் எழுதுவேன். ஒரு குழந்தை 200 கிராம் ஏறியிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். "டீச்சர், ஏறிடுச்சா?" என்று தாய்மார்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் இருபது வருடம் கழித்து 200 கிராம் ஏறியதற்காக பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

ஏறாத குழந்தைகளும் இருந்தன. இரண்டு மூன்று மாதமாக அதே எண். எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஒரு நாள் ஒரு பெண் போனபிறகு, "சத்துமாவ ஒழுங்கா குடுத்தா ஏறாதாம்மா? இவங்க குடுக்கறதே இல்ல போல" என்றேன். அம்மா கோபப்படவில்லை. "அது உனக்கெப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணும் புருஷனும் கட்டட வேலைக்கு பெங்களூர் போய்வந்தவர்கள். ஷெட்டில் தங்கியிருந்தபோது குழந்தைக்கு விடாத வயிற்றுப்போக்கு. சத்துமாவு கொடுத்தாள், தங்கவில்லை. அம்மா இதை அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். முள் நின்றால் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அம்மாவைப் பொறுத்தவரை தராசின் வேலை அவ்வளவுதான். அது ஒரு கேள்வியை ஆரம்பித்து வைக்கும். நான் அதைத் தீர்ப்பாக வாசித்தேன். பதிமூன்று வயதில் ஏறாத எடையைப் பார்த்து ஒரு தாயின் குணத்துக்கு மார்க் போட்டேன். முப்பத்திமூன்றில் இறங்காத எடையைப் பார்த்து என் குணத்துக்கு. தப்பு ஒன்றேதான்.

இதே தப்பு அரசாங்கத்தின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது; பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலை செய்கிறவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம், சுமார் 1,600 கலோரி, அதுவும் மண் சுமக்கும் ஆளுக்கு. அதிகம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். இந்த அளவில் வேலை செய்கிற உடம்பு தாங்காது என்றார். சில மாதங்களில் அளவு கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். என் அற்பக் கவலையை அந்தச் சாவுகளோடு சேர்த்து வைக்கவில்லை. ஆனால் மெலிந்தவனைப் பார்த்து சோம்பேறி என்று சந்தேகப்பட்ட மனசும், பருத்தவரைப் பார்த்து சோம்பேறி என்று சந்தேகப்பட்ட என் மனசும் அண்ணன் தங்கைதான்.

*

சரி, அப்படியென்றால் 'உடம்பை அப்படியே ஏத்துக்கோ' என்று முடித்துவிடலாமா? அதுவும் எனக்கு சரியாக வரவில்லை. பெரியப்பாவின் விரல் ஞாபகத்துக்கு வருகிறது. 23 என்ற கோடு அழகுக்காகப் போட்டதல்ல. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது என்பதால் போட்டது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் அதே 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடம்புகள். ஆகவே எண்ணை நம்பிப் பயப்படுவதும் முழுசாகச் சரியில்லை, எண்ணைத் தூக்கிப் போடுவதும் சரியில்லை.

பலனை எதிர்பார்க்காதே என்ற உபதேசமும் எனக்கு உதவவில்லை. பலனை எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன், பலன் வரவும் செய்தது. சர்க்கரை இறங்கியது. வத்தல்மலையில் முன்பு ரெண்டு வளைவிலேயே மூச்சு வாங்கும், இப்போது பேசிக்கொண்டே ஏறுகிறேன். உழைப்பு கூலி கொடுத்துவிட்டது. நான் கேட்ட நாணயத்தில் கொடுக்கவில்லை என்பதற்காக அது கொடுத்ததை எண்ணிப் பார்க்காமலே ஏழு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி, இந்த மூன்று கிலோவுக்கு இன்னும் எதைக் கொடுக்கப்போகிறேன் என்பது. கொடுத்தது கலோரி மட்டும் இல்லை. வளைகாப்பில் சித்தி மகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம், இரவுகள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்ட வேண்டிய சாதாரண மரியாதை.

என் பட்டியலில் ராகிக் களி இருக்கிறது, சாமை இருக்கிறது, காலையில் நெல்லிக்காய்ச் சாறு இருக்கிறது. மூன்றுமே எங்கள் மண்ணில் இருந்தவைதான். அப்பாவைப் பெற்ற ஆயா களி தின்று வளர்ந்தவர். அரிசிச்சோறு பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் மட்டும். அன்றைக்கு ஆயா கீரைக் கடைசலோடு களி உருண்டையைத் தட்டில் வைத்தபோது "பாதி போதும் ஆயா" என்றேன். "ஏன் கண்ணு, நல்லா இல்லையா?" என்றார். "குறைக்கணும் ஆயா." ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்காகக் கொறைக்கற?" பதில் சொல்ல வாயெடுத்தேன். சர்க்கரை என்று சொல்ல முடியாது, அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. வேறு பதில் என்னிடம் இல்லை.

நெல்லிக்காய் என்றால் எங்கள் ஊரில் அதியமான் ஞாபகம் வராமல் இருக்காது. தகடூரை ஆண்டவன்; சாகாமல் காக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அதைத்தான் பேசுகிறது. பள்ளியில் அதைக் கொடைக்கு உதாரணமாகப் படித்தோம். இப்போது எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. தன் உடம்பைக் காப்பாற்றும் விஷயத்திலும் 'எனக்கு இவ்வளவு போதும்' என்று நிறுத்த ஒருவனுக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் எடைமெஷினைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை, ஒண்ணாம் தேதியை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுப்பார். "தெனமும் போட்டா கொழந்தைக்குப் பைத்தியம் புடிக்காது, போடறவளுக்குப் புடிக்கும்" என்பது அவர் அனுபவம். நடையை விடவில்லை. டீயில் சர்க்கரை திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. 59 என்பதைத் தாளிலிருந்து அடித்துவிட்டேன்.

இந்த மாதம் 62.4. அம்மா பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினார். "ஏறிடுச்சா, எறங்கிடுச்சா?" என்று உள்ளேயிருந்து ஆயா கேட்டார். "அப்படியேதான் இருக்கு" என்றார் அம்மா. "அப்ப சாப்பிட வரச் சொல்லு" என்றார் ஆயா.