ரிட்டன் கிஃப்ட்

பெங்களூரு மர்பி டவுனின் பழைய குடும்பங்களில் வயதானவர்களிடம் பிறந்த தேதியைக் கேட்டால், சிலர் ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதுவும் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் உத்தேசமாக எழுதிக்கொண்ட தேதியாக இருக்கும். பெற்றவளுக்கு நினைவிருந்தது மாதமும் நட்சத்திரமும்தான். அந்த நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, கோயிலில் ஓர் அர்ச்சனை. வசதி இருந்தால் பாயசம். அப்படி வளர்ந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு இன்று முதல் பிறந்தநாள். தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ் நிற்கிறது. தேதியில் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தப் பேட்டையின் பின்னணி தெரிந்தால்தான் அந்த ஃபிளெக்ஸ் புரியும். நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்டு, பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய இடம் இது. கன்டோன்மென்ட் காலத்தில் உழைக்கிற மக்களுக்காக உருவான குடியிருப்பு. அல்சூரை ஒட்டிய இந்தச் சந்துகளில் தமிழ்தான் இன்றும் வாசல் பேச்சு. வீடுகள் சிறியவை. அதனால் விசேஷங்களுக்குத் தெருவிலேயே ஷாமியானா போட்டார்கள், தெருவே விருந்தாளியானது. இப்போது விசேஷம் பார்ட்டி ஹாலுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தலைகள் எண்ணப்படும்போது சில தலைகள் விடுபடுவது இயல்புதான்.

ஹாலில் நடப்பது நமக்குத் தெரியும். பலூன் வளைவு, ஒரு தீம், மைக்கில் கத்தும் தொகுப்பாளர், மூன்று அடுக்கு கேக். நடுவில் கோட்டு சூட்டு மாட்டிய ஒரு வயதுக் குழந்தை, தூக்கம் கலைந்து அழுகிறது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்கிறார். அன்று அந்த இடத்தில் கூலியில்லாமல் வேலை பார்ப்பது குழந்தை மட்டும்தான் என்று சொல்லலாம். பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னொரு கல்வியும் கிடைக்கிறது. பலூனின் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பள்ளியில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று படம் வரைந்து பரிசு வாங்கிய பிள்ளை, தெர்மோகோலில் வெட்டிய தன் பெயருக்கு முன்னால் நின்று கேக் வெட்டுகிறது. சட்டம் என்றால் என்ன என்று அதற்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் ஊர்களில் மொய் என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணச் செலவில் தவிக்கும் வீட்டுக்கு உறவும் ஊரும் கைகொடுத்தன. நோட்டில் எழுதி வைத்து, முறை வரும்போது திருப்பிச் செய்தார்கள். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளுக்குத் திருப்பித் தரும் ரிட்டன் கிஃப்ட் அந்தக் கணக்கைக் குழந்தைகளின் கையில் கொடுத்துவிட்டது. போன வாரம் அவன் வீட்டில் வாட்டர் பாட்டில் கொடுத்தார்கள் என்றால், இந்த வாரம் நம் வீட்டில் பென்சில் கொடுக்க முடியாது. ஏழு வயதில் பிள்ளை விலை பார்க்கப் பழகிவிடுகிறது. பெரியவர்களோ சீட்டு எடுக்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள், சிறுகடன் கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறார்கள். கடன் வசூலிப்பவர்களின் மிரட்டலைத் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மருத்துவம், கல்யாணம், வாடகை என்று கடனுக்குக் காரணங்கள் பல. அந்த வரிசையில் ஒரு வயதுக் குழந்தையின் கேக்கும் வந்து நிற்கிறது.

"கையில் காசில்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பது எளிது. கேட்பவர் பெரும்பாலும் பக்கத்து அபார்ட்மென்டில் இருப்பவர். அவர் தன் மகளுக்கு நட்சத்திர ஓட்டலில் செய்தது 'நினைவுகள்'; மர்பி டவுனில் நடந்தால் அது 'தண்டச்செலவு'. அவர் வீட்டு விருந்தில் தட்டுக் கழுவியவள் மிச்சக் கேக்கையும் இரண்டு பலூனையும் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் அடுத்த மாதம் ஃபிளெக்ஸ் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் எங்கும் எழுதப்படாத வீட்டில், பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்கும் ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடன் கடன்தான், ஆனால் அந்த ஆசையை அவர்கள் படித்துக்கொண்டது மேல்மாடிகளில்.

மேல்மாடிகளில் இப்போது மனசாட்சியும் விழித்திருக்கிறது. ஆடம்பரம் வேண்டாம், ஆதரவற்றோர் இல்லத்தில் கொண்டாடலாம் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அங்கேயும் கேக் வெட்டுவது இவர்கள் பிள்ளை. வரிசையில் நின்று கைதட்டுவது, தங்கள் பிறந்தநாளே தெரியாத பிள்ளைகள். சாப்பாடு பரிமாறப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, கார் கிளம்புகிறது. இரக்கமும் ஒரு தீம் ஆகிவிட்டது.

இதே அல்சூர் வட்டாரத்தில் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற வணிகர், தான் சேர்த்த பணத்திலிருந்து 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்ற பெயரில் அவர் அறக்கட்டளை இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. அவர் வீட்டுப் பிறந்தநாள்கள் எப்படி நடந்தன என்று யாரும் கேட்பதில்லை. எல்லோராலும் பள்ளி கட்ட முடியாது. ஆனால் பணம் யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி ஐந்நூறு ரூபாய்க் கேக்குக்கும் பொருந்தும்.

நல்ல குணம் பிள்ளைக்குப் பேச்சால் வருவதில்லை. வகுப்பில் யாரை அழைத்தோம், யாரை விட்டோம். டிரைவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். வேலைக்கார அக்காவின் மகன் விருந்தாளியாக வந்தானா, நாற்காலி எடுத்துப்போட வந்தானா. பரிசைப் பிரித்ததும் அம்மா முகம் எப்படி மாறியது. இதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. எளிமையான பிறந்தநாளிலும் இதே தவறுகள் நடக்கலாம். நாட்டுச் சர்க்கரைப் பாயசம் வைத்தும் ஒருவனை வாசலில் நிறுத்தலாம். ஆகவே செலவைக் குறைத்தாலே பிள்ளை நன்றாக வளரும் என்று நம்பிவிட வேண்டாம். அழைப்புப் பட்டியலைப் பிள்ளையிடமே கொடுத்து, இதில் யார் பெயர் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பெயருக்கு நாம் என்ன பதில் சொல்கிறோமோ, அந்த வருடத்தின் பிறந்தநாள் பரிசு அதுதான்.