மூன்றாவது குழந்தை

நம் எழுத்தில் வறுமை குறித்த இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. கொடுப்பதின் நியாயம் குறித்த யோசனைதான் குறைவு. ஏழைக்குக் கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கலாமா என்பதைப் பொருளாதாரக்காரர்களிடம் விட்டுவிட்டோம். அது முதலில் தர்மத்தின் கேள்வி.

தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கம் சித்தாளாகவோ வீட்டுவேலைக்கோ போகிறவள் பிரசவத்துக்குப் படுத்தால் கூலி நின்றுவிடுகிறது. செலவு கூடுவதும் அப்போதுதான். கைக்குழந்தை உள்ள வீட்டின் வறுமை இந்த இரண்டும் சேர்ந்து வருவது. இதை உணர்ந்துதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு மகப்பேறு உதவி தருகிறது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000. பிறகு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000. சின்னக் காரியமல்ல.

பணம் தவணைகளில் வருகிறது. நான் வங்கிக் குமாஸ்தா. சொன்னதைச் செய்தாயா என்று பார்த்துப் பார்த்துத் தவணையாகத் தருவது எங்களிடம் கடனுக்குரிய முறை. பரிசோதனைக்கு வந்தாயா, தடுப்பூசி போட்டாயா என்ற கேள்விகளை ஒப்புக்கொள்கிறேன். பலன் குழந்தைக்கே போகிறது. ஒப்ப முடியாதது இன்னொன்று: முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்.

புத்தி சொல்வது தாய்க்கு, தண்டனை குழந்தைக்கு. எத்தனையாவதாகப் பிறப்பது என்பதை அது தீர்மானிக்கவில்லை. ஜனத்தொகை என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். 18,000 ரூபாய்க்காக யாரும் பிள்ளை பெறுவதுமில்லை. மாதச் சம்பளக்காரிக்கு, சட்டம் முதல் இரண்டுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் தருகிறது. மூன்றாவதற்கும் 12 வாரம் உண்டு. சித்தாளின் மூன்றாவதற்கு இத்திட்டத்தில் எதுவுமில்லை.

இதே அரசிடம் வேறு நியாயமும் இருக்கிறது. சத்துணவுக்குத் தட்டை நீட்டும் பிள்ளையை நீ எத்தனையாவது என்று ஆயா கேட்பதில்லை. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும்போதும் இல்லை. மாவு பசிக்கு, பணம் நடத்தைக்கு என்று எங்கோ முடிவு செய்துவிட்டோம். ஆனால் வாடகைக்கும் மருந்துக்கும் மாவு உதவாது.

பிறந்த குலத்தால் ஒதுக்கப்பட்ட பெண் குழந்தைகளுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் தரும் பணம் பிறந்த வரிசையைக் கேட்கிறது. கடன் வாங்குகிறவரிடம் ஜாமீன் கேட்கலாம். பிறந்த சிசுவிடம் எதைக் கேட்பது?